ஐ.பி. டிப்ளோமா: மலையகத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து புலமைப்பரிசிலோடு ஐ.பி. படிக்கப் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் சிலராவது இருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. ஊர் வாத்தியாருக்குத் தெரிந்தது ஏ/எல் மட்டுமே. அதனால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறோம்.

ஐ.பி.ங்கிறது என்ன? அதுவும் ஏ/எல் மாதிரிதானா?

படிக்கும் வயது ஒன்றுதான், முறை வேறு. இன்டர்நேஷனல் பாக்கலோரியா என்ற அமைப்பு 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதன் டிப்ளோமா 16 முதல் 19 வயதுக்காரர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு. ஏ/எல்லில் மூன்று பிரதான பாடம். இங்கே ஆறு பாடம், அதற்கு மேல் எல்லோருக்கும் கட்டாயமான மூன்று வேலைகள்: விரிவுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு, காஸ் (மூன்றும் கீழே வரும்). பரீட்சை மே மாதத்திலும் நவம்பரிலும் நடக்கும். எந்த அமர்வு என்பதைப் பெரும்பாலும் பாடசாலையின் கல்வியாண்டு தீர்மானிக்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம்: இங்கே இசட் புள்ளி கிடையாது, மாவட்ட வெட்டுப்புள்ளியும் கிடையாது. பிள்ளை எழுதியதை வகுத்து வைத்த அளவுகோலோடு ஒப்பிட்டே தரம் கொடுக்கிறார்கள். பக்கத்து மேசைப் பிள்ளை நன்றாக எழுதியதால் உங்கள் பிள்ளையின் தரம் இறங்காது.

ஆறு பாடமும் நம்ம இஷ்டத்துக்கு எடுக்கலாமா?

முழுக்க முடியாது. முதல்மொழி இலக்கியம், இரண்டாம் மொழி, வரலாறு பொருளியல் போன்ற சமூகப் பாடம், விஞ்ஞானம், கணிதம், கலை என்று ஆறு கூட்டம். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுக்க வேண்டும். கலை வேண்டாமென்றால் அந்த இடத்தில் இன்னொரு விஞ்ஞானமோ சமூகப் பாடமோ மொழியோ எடுக்கலாம். உயிரியலும் இரசாயனமும் சேர்ந்து வேண்டியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆறில் மூன்றை, அதிகபட்சம் நான்கை, உயர் மட்டத்தில் படிக்க வேண்டும். பிள்ளைகள் இதை எச்.எல். என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 240 மணித்தியாலப் படிப்பு. மிச்சம் நியம மட்டம், அதாவது எஸ்.எல்.; அதற்கு 150 மணித்தியாலம். பல்கலைக்கழகங்கள் முதலில் பார்ப்பது எச்.எல். பாடங்களைத்தான். மருத்துவம் மனதில் இருந்தால் இரசாயனத்தையும் உயிரியலையும் எச்.எல்லில் வைப்பதே பாதுகாப்பு. வெளிநாட்டில் மருத்துவம் படித்து இலங்கையில் பதிவு செய்ய நினைப்பவர்கள், இலங்கை மருத்துவ சபையின் குறைந்தபட்சத் தகுதியைப் பாடம் தெரிவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். முதல் சில வாரம் போனபின் பாடம் மாற்றுவது கடினம்.

45ங்கிற கணக்கு எங்கேருந்து வருது?

ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை தரம். ஆறு ஏழு 42. கட்டாய வேலைகளில் விரிவுக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடும் சேர்ந்து அதிகபட்சம் 3 புள்ளி தரும். மொத்தம் 45. எச்.எல். 7க்கும் எஸ்.எல். 7க்கும் கூட்டலில் ஒரே மதிப்புதான். உலக சராசரி 30ஐச் சுற்றியே நிற்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்; 32 எடுத்த பிள்ளையை "45க்கு 32தானா" என்று கேட்பது நியாயமில்லை.

கடைசியா எழுதுற பேப்பர்தானே எல்லாத்தையும் முடிவு பண்ணுது?

இல்லை. ஏ/எல் பழக்கத்தில் வரும் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கடைசி வினாத்தாள்கள் பெரும்பங்கு. ஆனால் இரண்டு வருடத்துக்குள் செய்து ஒப்படைக்கும் வேலைக்கும் நிலையான பங்கு உண்டு. அதை உள்ளகக் கணிப்பீடு என்பார்கள், சுருக்கமாக ஐ.ஏ. பௌதிகம், இரசாயனம், உயிரியலில் 20 வீதம். கணிதத்திலும் 20 வீதம். இரண்டாம் மொழியில் வாய்மொழித் தேர்வு 25 வீதம். முதல்மொழி இலக்கியத்தில் வாய்மொழி எஸ்.எல்லுக்கு 30, எச்.எல்லுக்கு 20 வீதம்.

விஞ்ஞான ஐ.ஏ. 3000 சொல்லுக்குள். கணித ஆய்வு 12 முதல் 20 பக்கம். சொல் எல்லை தாண்டினால் பரீட்சகர் அந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். முடிவுரை எல்லைக்கு வெளியே போய்விட்டால் அதற்கான புள்ளியும் வெளியேதான். ஆசிரியர் ஒரே ஒரு முழு வரைவுக்குத்தான் கருத்துச் சொல்லலாம். அரைகுறையாக எழுதி "சேர் திருத்தித் தருவார்" என்று கொடுத்தால் அந்த ஒரே வாய்ப்பு அதோடு தீர்ந்துவிடும்.

டீச்சரே மார்க்ஸ் போட்டா வேண்டியவங்களுக்கு அள்ளிப் போட மாட்டாங்களா?

போட்டாலும் நிற்காது. பாடசாலை எல்லோருடைய புள்ளிகளையும் பதிந்ததும், யாருடைய வேலையை மாதிரியாக அனுப்ப வேண்டும் என்று ஐ.பி.யே தெரிகிறது. வெளிப் பரீட்சகர் அவற்றைத் திருத்திப் பார்த்து, ஆசிரியர் தாராளமாகப் போட்டிருந்தால் அந்தப் பாடம் எடுத்த எல்லோருடைய புள்ளியையும் அதே போக்கில் இறக்குவார். கஞ்சத்தனமாகப் போட்டிருந்தால் ஏற்றுவார். அதனால் வகுப்பில் சொன்ன 22 முடிவில் 19 ஆகலாம்.

ஐ.ஏ.வுக்கு நம்ம ஊர் தேயிலையையே எடுத்துக்கலாமா?

தாராளமாக. கையெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளை எடுத்தால் இணையத்தில் கிடைக்கும் பழைய பரிசோதனையின் நகலாகாது. ஆனால் "தேயிலையின் நன்மைகள்" என்பது ஆய்வு அல்ல. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதை மாறாமல் வைக்கிறோம் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உதாரணம்: ஊறவைக்கும் நீரின் வெப்பநிலை மாறும்போது கரைந்து வரும் பொலிபீனோல் அளவு எப்படி மாறுகிறது. ஐந்து வெப்பநிலை, ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று தடவை, பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் நியமிப்பு. தேயிலை 2 கிராம் என்றால் எல்லாவற்றிலும் 2 கிராம். ஊறும் நேரமும் ஒன்றே. இலையும் ஒரே பொதியிலிருந்து, ஒரே தரமாக. பீ.ஓ.பி., டஸ்ட் என்ற வெவ்வேறு தரத் தேயிலைகள் கலந்துவிட்டால் துகள் அளவு மாறி முடிவே குழம்பிவிடும்.

இங்கே ஒரு மலைநாட்டுச் சிக்கல் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியசுக்கு அருகிலேயே கொதித்துவிடும். வீட்டில் செய்து பார்த்த பிள்ளை "100 பாகை" என்று பாடப்புத்தகத்தை நம்பி எழுதினால், அந்த வரியே அளக்கவில்லை என்று காட்டிக்கொடுக்கும். வெப்பமானியை வைத்து அளந்ததை எழுதுங்கள்; ஏன் 94 என்று ஒரு வரி விளக்கினால் அது பலம். அளவீட்டு வழுக்களையும் எழுத வேண்டும். "மனிதத் தவறு" என்று பொதுவாக எழுதுவதற்குப் புள்ளி இல்லை. எந்தக் கருவி, எவ்வளவு பிழை, அது முடிவை எந்தப் பக்கம் இழுத்தது என்று எழுத வேண்டும்.

4000 சொல் கட்டுரைனு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

அதுதான் விரிவுக் கட்டுரை. பிள்ளைகள் இ.இ. என்பார்கள். தானே ஒரு கேள்வியைத் தெரிந்து, தானே தேடி, அதிகபட்சம் 4000 சொல்லில் எழுத வேண்டும். ஏறத்தாழ 40 மணித்தியால வேலை. மேற்பார்வையாளர் மொத்தம் 3 முதல் 5 மணித்தியாலம் உதவுவார். கட்டாயமாக மூன்று சந்திப்பு; கடைசிச் சந்திப்பு, எழுதியதைப் பற்றி வாய்மொழியாகப் பேசுவது. வெளிப் பரீட்சகர் திருத்தி ஏ முதல் ஈ வரை தரம் தருவார்.

தோற்பது பெரும்பாலும் கேள்வியில்தான். "மலையகத் தமிழரின் வரலாறு" என்று எடுத்தால் 1820களின் கோப்பித் தோட்டத்திலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வரை ஓடி, எதையும் ஆராயாமல் முடியும். "1947 பொதுத் தேர்தல் முடிவுகள் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எந்த அளவுக்குத் தூண்டின?" என்று குறுக்கினால் வாதிட இடம் கிடைக்கும்: தேர்தலில் தோட்டப்பகுதி வாக்குகள் ஒரு பக்கம், அதற்கு முந்தைய பல வருடக் குடியேற்றவாதச் சர்ச்சை இன்னொரு பக்கம். நாடாளுமன்ற விவாதப் பதிவுகள், அக்காலப் பத்திரிகைகள் எல்லாம் மூலச் சான்று. தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுவதும் நல்ல சான்றே; ஆனால் அதை மட்டும் வைத்து நிற்காதீர்கள். வரலாற்றில் எழுதுபவர்கள் கடந்த பத்து வருடத்துக்குள் நடந்ததைத் தலைப்பாக எடுக்கக்கூடாது.

டி.ஓ.கே.னு ஒரு பாடம். அதுக்கு புத்தகமே இல்லைங்கிறாங்க?

அறிவுக் கோட்பாடு. ஒன்றை நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என ஆராயும் வகுப்பு, 100 மணித்தியாலம். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, எழுத்துப் பரீட்சையும் இல்லை. இரண்டு வேலை மட்டும். ஒன்று கண்காட்சி: கொடுக்கப்பட்ட 35 கேள்விகளில் ஒன்றுக்கு மூன்று நிஜப் பொருள்களை வைத்து 950 சொல்லுக்குள் விளக்குவது. இது மூன்றில் ஒரு பங்கு, ஆசிரியர் திருத்துவார். மற்றது 1600 சொல் கட்டுரை, ஐ.பி. அந்த அமர்வுக்குத் தரும் ஆறு தலைப்பில் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு, வெளியே திருத்தப்படும்.

கண்காட்சியில் பொருள் "ஒரு கொழுந்துக் கூடை" என்று பொதுவாக இருக்கக்கூடாது. குறித்த ஒன்றாக, இடமும் காலமும் உள்ளதாக இருக்க வேண்டும். பாட்டியின் பழைய செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு) துண்டு, அவர் குடியுரிமைக்காக வைத்திருந்த ஒரு பத்திரம் என்றால் கணக்கில் வரும்.

அந்த 3 புள்ளியை எப்படிக் கணக்குப் போடுறாங்க?

இ.இ. தரத்தையும் டி.ஓ.கே. தரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஏ, அல்லது ஒரு ஏ ஒரு பி என்றால் 3. ஏயுடன் சி அல்லது டி, இரண்டும் பி, பியுடன் சி என்றால் 2. பியுடன் டி, இரண்டும் சி என்றால் 1. சியுடன் டி, இரண்டும் டி என்றால் ஒன்றுமில்லை. ஏதாவது ஒன்றில் ஈ வந்தால் புள்ளி இல்லை என்பதோடு நிற்காது; டிப்ளோமாவே இல்லை.

காஸ்க்கு மார்க்ஸ் இல்லையாமே. அப்ப விட்டுட்டா என்ன?

விட்டால் டிப்ளோமா விட்டுவிடும். காஸ் என்பது படைப்பு, உடலுழைப்பு, சேவை மூன்றும் சேர்ந்தது. ஏறத்தாழ 18 மாதம் இடைவிடாமல் நடக்க வேண்டும்; குறைந்தது ஒரு மாதம் நீளும் ஒரு செயற்றிட்டம் இருக்க வேண்டும்; ஏழு கற்றல் விளைவுகளுக்கும் சான்று காட்ட வேண்டும். விடுமுறைக்கு வீடு வரும்போது லயத்துச் சிறுபிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தலாம். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் பழகலாம். ஏற்கெனவே அடிக்கத் தெரிந்தவர் அதையே அடித்தால் போதாது. புதிதாக எதைக் கற்றார் என்று காட்ட வேண்டும். காசு வாங்கிய வேலையும், வேறு பாடத்துக்கு ஒப்படைத்த வேலையும் செல்லாது.

பலருக்கு நடப்பது: வேலையைச் செய்துவிட்டுப் பதிவை எழுதாமல் விடுவது. கடைசி மாதத்தில் உட்கார்ந்து 18 மாதத்துக்கும் எழுதினால் பாடசாலையில் ஐ.பி.யைக் கவனிக்கும் இணைப்பாளருக்குப் பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான்கு வரியும் ஒரு படமும் அன்றைக்கே பதியுங்கள். காஸ் மட்டும் குறைந்து டிப்ளோமா நின்றுபோனால், ஒரு வருடத்துக்குள் முடித்துக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்; பரீட்சை திரும்ப எழுதத் தேவையில்லை.

பாஸாக எவ்வளவு வேணும்?

24 புள்ளி. ஆனால் 24 மட்டும் போதாது. எச்.எல். மூன்றும் சேர்ந்து குறைந்தது 12 வர வேண்டும், நான்கு எச்.எல். எடுத்தவருக்கு உயர்ந்த மூன்று. எஸ்.எல். மூன்றும் சேர்ந்து 9, இரண்டு எஸ்.எல். மட்டும் என்றால் 5. எந்தப் பாடத்திலும் 1 வரக்கூடாது. 2 என்ற தரம் இரண்டுக்கு மேல் கூடாது. 3 அல்லது அதற்குக் கீழ் மூன்றுக்கு மேல் கூடாது. எதிலும் என் என்ற எழுத்து, அதாவது தரமே வழங்கப்படாத நிலை, இருக்கக்கூடாது. மேலே சொன்ன ஈயும் காஸும் இதோடு சேரும்.

எங்க மகளுக்கு 28 வந்திருக்கு, ஆனா டிப்ளோமா இல்லைங்கிறாங்க. 24 போதும்னுதானே சொன்னீங்க?

எச்.எல். தரங்களைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக எச்.எல். 4, 4, 3, எஸ்.எல். 6, 5, 5; இ.இ.யும் டி.ஓ.கே.யும் சேர்ந்து 1. மொத்தம் 28. ஆனால் எச்.எல். 11தான். இன்னொரு பிள்ளை ஆறிலும் 4 மட்டும் எடுத்து, கூடுதல் புள்ளி ஒன்றுமில்லாமல், சரியாக 24உடன் டிப்ளோமா பெற்றுவிடும். கஷ்டமான எச்.எல்லை ஒதுக்கிவிட்டு எளிதான எஸ்.எல்லில் புள்ளி சேர்க்கும் திட்டம் இப்படித்தான் உடைகிறது. முதல் வருடமே ஒரு எச்.எல். 3இல் நின்றால் இணைப்பாளரிடம் பேசுங்கள். அந்தப் பாடத்தை எஸ்.எல்லுக்கு இறக்கி வேறொன்றை ஏற்ற அப்போது இடம் இருக்கலாம்.

ஓ/எல் வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல எழுதி எப்படித் தேறும்?

தேறும், முதல் ஆறு மாதம் கடினம். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் இலக்கணப் பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை. கருத்து விளங்க வேண்டும். ஆங்கிலம் சரளமில்லாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது: மொழிப் பாடங்கள் தவிர்ந்த மற்றப் பரீட்சைகளில் அச்சிட்ட ஆங்கில-தமிழ் அகராதியை மண்டபத்துக்குள் கொண்டுபோகலாம். மின்னகராதி கூடாது, உள்ளே கையெழுத்து ஒரு வரியும் இருக்கக்கூடாது. எந்த அகராதி என்று முன்கூட்டியே இணைப்பாளரிடம் காட்டுங்கள்.

மொழியைவிட அதிகம் புள்ளி போவது கேள்வியின் வினைச்சொல்லில். "ஸ்டேட்" என்றால் ஒரு வரி போதும். "எக்ஸ்பிளெயின்" என்றால் காரணம் வேண்டும். "எவால்யுவேட்" என்றால் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். குறிப்புப் புத்தகத்தை ஒப்புவித்துப் பழகிய பிள்ளை எவால்யுவேட் கேள்விக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக எழுதும். பக்கம் நிறையும், புள்ளி பாதியில் நிற்கும்.

தமிழையே பாடமா எடுக்க முடியுமா?

முதல்மொழி இலக்கியத்தைத் தாய்மொழியில், ஆசிரியர் இல்லாமல், பாடசாலையின் மேற்பார்வையோடு தானாகப் படிக்கும் வழி இருக்கிறது. எஸ்.எல்லில் மட்டும். குறித்த அமர்வில் தமிழுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதால், படிப்பு தொடங்குமுன்னே இணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் இரண்டு முதல்மொழியாக எடுத்து இரண்டிலும் 3 அல்லது மேல் பெற்றால் இருமொழி டிப்ளோமா கிடைக்கும்.

பிரடிக்டட் கிரேட்டுங்கிறது எதுக்கு? பரீட்சைக்கு முன்னாடியே யுனிவர்சிட்டி எப்படி இடம் கொடுக்குது?

பாட ஆசிரியர், பிள்ளை எடுக்கக்கூடிய தரத்தை முன்கூட்டியே கணித்துக் கொடுப்பார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை வைத்து நிபந்தனையோடு இடம் தரும். "34 புள்ளி, எச்.எல்லில் 6, 6, 5" என்பது போல இருக்கும். மே பெறுபேறு ஜூலை முதல் வாரத்தில் வந்ததும் நிபந்தனை நிறைவேறியதா என்று பார்ப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெறுபேறு போக வேண்டும் என்பதைப் பரீட்சைக்கு முன்பே பாடசாலை ஊடாகப் பதிந்துவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம்.

பரீட்சை அன்னைக்கு மண்சரிஞ்சு ரோட்டு மூடிட்டா? புள்ளைக்குக் காய்ச்சல்னா?

மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் இது வீண் பயம் அல்ல. பரீட்சை வாரங்களில் பாடசாலைக்குப் பக்கத்திலேயே தங்குவது நல்லது. மீறி நடந்தால் அன்றைக்கே பாடசாலைக்குச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று, கிராம சேவகரின் கடிதம், படம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். ஐ.பி.க்குப் பாடசாலைதான் விண்ணப்பிக்க முடியும். காரணம் ஏற்கப்பட்டால், அந்தப் பாடத்தில் செய்து முடித்த பகுதிகள் மொத்தத்தில் குறைந்தது பாதியாக இருந்து, அதில் வெளியே திருத்தப்படும் பகுதி ஒன்றாவது இருந்தால், விட்ட வினாத்தாளுக்குக் கணித்துப் புள்ளி தருவார்கள். மேலே சொன்ன ஐ.ஏ.யை ஒழுங்காக முடித்தவருக்கு இங்கேயும் அது கைகொடுக்கிறது.

சாட்ஜிபிடி பாவிச்சா பிடிச்சிடுவாங்களா?

ஐ.பி. அதை முழுதாகத் தடைசெய்யவில்லை. பாவித்ததைக் குறிப்பிட வேண்டும். அது எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுத்தால் கருத்துத் திருட்டு. சந்தேகம் வந்தால் ஆசிரியர் பழைய வரைவுகளைக் கேட்பார், உள்ளடக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார். ஆகவே வரைவுகளைத் திகதியோடு சேமித்து வையுங்கள். குற்றம் உறுதியானால் அந்தப் பாடத்துக்கு என். என் வந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னோம்.

பரீட்சை எழுதி 24 மணித்தியாலத்துக்கு வினாத்தாளைப் பற்றி வெளியாருடன் பேசக்கூடாது. வேறு நேர வலயத்தில் அதே தாளை எழுதாதவர்கள் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் "எப்படி இருந்தது?" என்று கேட்கும் அண்ணாவுக்கும் மறுநாள்தான் பதில்.

ரிசல்ட் குறைஞ்சா திரும்பத் திருத்தச் சொல்லலாமா? திரும்ப எழுதலாமா?

இரண்டும் முடியும். மறுதிருத்தத்தில் தரம் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அதனால் பிள்ளையின் சம்மதம் வேண்டும். தரம் மாறினால் கட்டணம் திரும்பும். ஐ.ஏ. இதில் திருத்தப்படாது. ஒரு தரத்துக்கு ஓரிரு புள்ளி மட்டும் குறைந்திருந்தால் கேட்பதில் பொருள் உண்டு.

முதல் தடவையையும் சேர்த்து மொத்தம் மூன்று அமர்வில் எழுதலாம். ஏ/எல்லில் பல்கலைக்கழகத்துக்கு மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியாக வேண்டும். இங்கே குறைந்த பாடத்தை மட்டும் எழுதினால் போதும். எந்த அமர்வில் உயர்ந்த தரம் வந்ததோ அதுவே நிற்கும். மேலே 28 எடுத்த பிள்ளை அந்த ஒரு எச்.எல்லை 3இலிருந்து 4 ஆக்கினால் 29உடன் டிப்ளோமா. நவம்பரில் எழுத விரும்பினால் ஜூலை முடிவதற்குள் பதிய வேண்டியிருக்கும். பெறுபேறு வந்த வாரமே பாடசாலையைத் தொடர்புகொள்ளுங்கள். டிப்ளோமாவே கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு பாடத்தின் தரமும் தனிப் பெறுபேறாகக் கையில் வரும். அதை வைத்துச் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு.

இதைப் படிச்சிட்டுப் பேராதனைக்குப் போக முடியுமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அரச பல்கலைக்கழகத்துக்கான பிரதான வழி உள்ளூர் ஏ/எல்லும் இசட் புள்ளியும். வெளிநாட்டுத் தகுதியோடு வருபவர்களுக்கு மிகச் சிறிய தனி ஒதுக்கீடு, தனி நிபந்தனைகள். அந்த வருடத்துக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அதை வாசியுங்கள்.

நுவரெலியா, பதுளை மாவட்டக்காரர்கள் இன்னொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட மாவட்டங்கள். பெரும்பாலான பட்டப்படிப்புகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. ஐ.பி.க்குப் போகும் பிள்ளை இந்த ஒதுக்கீட்டை விட்டுவிட்டுத்தான் போகிறது. டிப்ளோமாவுக்குப் பிறகு வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கும் உதவித்தொகை கிடைக்கும் வழி தெளிவாக இருந்தால் போகலாம். இரண்டு வருடத்துக்கு மட்டும் பணம் இருந்து, அதற்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்று தெரியாவிட்டால், கையெழுத்துப் போடுமுன் உதவி தரும் அமைப்பிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.